மூல காரணம்: ஆபரேட்டர்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடமாட்டேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஒரு மோட்டார் முனகினால் அது பேரிங்குக்காக முனகுகிறதா பெல்ட்டுக்காக முனகுகிறதா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன் என்று கேன்டீனில் பெருமை பேசித் திரிபவன். அப்படிப்பட்டவன் பக்கத்து வீட்டு மர அறுப்பு மெஷின் ஒன்றிடம் தோற்றேன். தோற்றது பெரிய விஷயமில்லை. மெஷின்களிடம் தினம் தோற்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஆனால் நான் தோற்றதற்கு வேறொருவரைக் குற்றவாளி ஆக்கினேன். அதையும் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

பென்னலூரில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். அந்தப் பக்கம் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. படித்துவிட்டு இருபது வயதில் பஸ் ஏறி வந்து, இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்து, இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அவர் எனக்கு அண்ணாச்சி. அவர் மனைவி எங்கள் ஊர்க்காரி என்பதால் எனக்குத் தங்கச்சி. முறை வைத்துப் பார்த்தால் இடிக்கும். இதுவரை யாரும் பார்க்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன் அந்த பிரஸ், அண்ணாச்சியின் இடது கையில் இரண்டு விரல்களின் மேல்பாதியை எடுத்துக்கொண்டது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் மெஷின் தானாக ஒரு தடவை இறங்குகிறது என்று அதற்கு முன்பே சூப்பர்வைசரிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். விசாரணைத் தாளில் அதெல்லாம் இல்லை. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று ஒரே வரி. ஆஸ்பத்திரி, நஷ்டஈடு எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அந்த ஒரு வரிதான் அவருக்குச் செரிக்கவே இல்லை. விரலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வரியைப் பற்றிக் கேட்காமலே பேசுவார்.

"வெரலு போனா போவுது வே. பதினெட்டு வருசம் அந்த மெசின்ல நின்னவன கவனமில்லாதவம்னு எழுதிட்டானுவளே. அதத்தான் தாங்க முடியல."

வேலையை விட்டபின் கொஞ்ச நாள் சும்மா இருந்தார். பிறகு ஒரகடத்து ஸ்கிராப் யார்டுகளில் மலை மாதிரி குவிந்து கிடக்கும் பேலட் கட்டைகளை, அதாவது வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் வந்திறங்கும் மரப் பலகைத் தட்டுகளை, வாங்கி வந்து ஸ்டூல் செய்ய ஆரம்பித்தார். கை ரம்பத்தால் அறுத்து, ஒன்றரை கையால் பிடித்து, ஒரு ஸ்டூலுக்கு இரண்டு நாள். ஆனால் அந்த ஸ்டூல் ஆடாது. எங்கள் வீட்டில் ஆடாத ஒரே பொருள் அதுதான். என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிறகு ஒரு டேபிள் ரம்பம் பழையதாக விலைக்கு வந்தது. இரும்பு மேஜை, நடுவில் பத்து அங்குல வட்ட பிளேடு, அடியில் மோட்டார். வீட்டுக்கு முன்னால் ஷீட் போட்ட கொட்டகையில் வைக்கலாம் என்று அண்ணாச்சிக்கு ஆசை. தங்கச்சி ஒரு வாரம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி லைனில் இருக்கிறார். எதையும் அளந்துதான் பேசுவார். கடைசியில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைச் சாட்சியாக வைத்து நிபந்தனை போட்டார்.

"ண்ணா, நீயும் கேட்டுக்கோ. மெஷின் மேல தப்பு வந்துச்சுன்னா ரிப்பேர் பண்ணிக்கலாம். இவரு மேல தப்பு வந்துச்சுன்னா மெஷினே வாணாம். அப்புறம் எங்கனா செக்யூரிட்டி வேலைக்குப் போவட்டும். எனக்கு இவரு கை வோணும்."

"ஒத்துக்கிடுதேன்," என்றார் அண்ணாச்சி. இவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூ, திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாம் நடந்தது. என் பங்குக்கு நான் ஒரு பரிசு கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் வாஷிங் மெஷினுக்கென்று இருந்த பெரிய பிளக்கிலிருந்து முன்பக்கக் கொட்டகை வரை கரண்ட் வர ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. எங்கள் வீட்டில் ஒயரிங் மாற்றியபோது மிஞ்சிய லைட் ஒயரில் நாலு துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, மொத்தம் நாற்பது மீட்டர் ஆக்கினேன். இருபது மீட்டரே போதும். ஒயரை வெட்ட மனம் வரவில்லை. மிச்சத்தைக் காலியான பெயிண்ட் வாளி ஒன்றில் அழகாகச் சுற்றி வைத்தேன். கரண்ட் வந்தால் எரிய ஒரு பச்சை இண்டிகேட்டர் விளக்கு. அதற்கும் பொட்டு வைத்தார்கள். "கம்பெனிக்காரன் வேலைனா சும்மாவா," என்றார் அண்ணாச்சி. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். அடக்கமாக இருப்பது போல் எனக்கு நன்றாக நடிக்க வரும்.

மெஷின் சில மாதம் ஒழுங்காக ஓடியது. மெல்லிசுப் பலகைகளை வெண்ணெய் மாதிரி வெட்டியது. பெண்கள் ஹாஸ்டல் ஒன்று பன்னிரண்டு செருப்பு ஸ்டாண்டு கேட்டபோதுதான் தொல்லை. அதற்குத் தடித்த கட்டை வேண்டும். தடித்த கட்டையை வைத்தால் பிளேடு பாதியில் தளரும், மோட்டார் முக்கும், உள்ளே நீலமாகப் பொறி பறக்கும், கருகிய வாடை வரும், பாதுகாப்பு பட்டன் பட்டென்று விழுந்து நின்றுவிடும். பத்து நிமிடம் ஆறினால் மறுபடி ஓடும். தங்கச்சி வேலைக்குப் போன பிறகு சுவர் வழியாக அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு எட்டு வந்து பாரும் வே. அவளுக்குத் தெரியுமுன்ன சரி பண்ணிரணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனிப் பையோடு போனேன். தங்கச்சியும் அன்று வீட்டில் இருந்தார். ரகசியமெல்லாம் அந்த வீட்டில் அரை நாள் தாங்காது. நான் ஒரு டாக்டர் மாதிரி சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். இது ஒன்றை மட்டும் அன்று சரியாகச் செய்தேன். பிளேடைக் கையால் சுற்றினேன். பேரிங் சத்தமில்லாமல் சுற்றியது. மோட்டாரின் இரண்டு பக்கமும் இருந்த மூடிகளைத் திருகி கார்பன் பிரஷ்களை எடுத்தேன். சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுகள் அவை. தேய்ந்து சுண்டு விரல் நகம் அளவுக்கு வந்திருந்தன.

"இதான் வியாதி!" என்று அறிவித்தேன். பையிலிருந்த அதே அளவு பிரஷ்ஷைப் போட்டேன். அவை உரசும் செம்பு வளையத்தை நயமான எமரித் தாளால் துடைத்தேன். மரத்தூளை ஊதி எடுத்தேன். காயில், அதாவது உள்ளே சுற்றிய கம்பி, அறுந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்தேன். அறுந்திருக்கவில்லை. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. கடைசியாகப் பின்பக்கம் போய்ச் சுவர் பிளக்கில் மீட்டரைச் செருகினேன். இருநூற்று முப்பது வோல்ட். பிரமாதம்.

எக்ஸ்டென்ஷனைச் செருகி சுவிட்சைப் போட்டோம். மெஷின் சிங்கம் மாதிரி எழுந்தது. நானே ஒரு தடித்த கட்டையை எடுத்து, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினேன். பாதியில் முக்கியது. வாடை வந்தது. நின்றது.

அப்போது வாளியின் மேல் அவர்கள் வீட்டுப் பூனை சுருண்டு படுத்திருந்தது. இத்தனை சத்தத்திலும் அசையவில்லை. "அண்ணாச்சி, ஒங்க பூனைக்கு ஒயரு மெத்தை கேக்குது பாருங்க," என்றேன். எல்லோரும் சிரித்தோம். எதையும் பார்த்தவுடன் ஜோக் அடிப்பது என் வழக்கம். பார்த்ததைப் பற்றி யோசிக்கும் வழக்கம் கிடையாது.

இப்போது எனக்கு வியர்த்தது. குறை பிரஷ்ஷில் இல்லை, பேரிங்கில் இல்லை, காயிலில் இல்லை, சுவிட்சில் இல்லை, கரண்டில் இல்லை. எதிரே தங்கச்சி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 'எனக்குத் தெரியவில்லை' என்று இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினாறு வருடத்தில் அந்த வார்த்தைகளை நான் பழகவே இல்லை. பையில் ஒய்-ஒய் தாள் கட்டு ஒன்று இருந்தது.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனில் எந்த மெஷின் நின்றாலும் நாங்கள் அதை நிரப்ப வேண்டும். ஐந்து முறை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் மூல காரணம் கிடைத்துவிடும் என்பது பயிற்சி. எங்கள் கம்பெனியில் மூன்றாவது ஏன் வரும்போதே ஆபரேட்டர் வந்துவிடுவார். அடியில் நாலு கட்டம்: ஆள், மெஷின், மெட்டீரியல், முறை. ஒன்றில் டிக் போட வேண்டும். மெயின்டனன்ஸ் என்று கட்டம் கிடையாது. தாளை அச்சடித்துத் தருவது எங்கள் டிபார்ட்மென்ட்.

விளையாட்டாகத்தான் எழுத ஆரம்பித்தேன். சத்தமாக வாசித்துக்கொண்டே எழுதினேன். ஏன் நின்றது? ஓவர்லோடு. ஏன் ஓவர்லோடு? கட்டையை வேகமாகத் தள்ளுவதால். ஏன் வேகமாகத் தள்ளுகிறார்? ஆர்டர் அவசரம், பயிற்சி போதாது. மூல காரணம்: ஆபரேட்டர். 'ஆள்' கட்டத்தில் டிக். தேதி, கையெழுத்து. கொட்டகைத் தூணுக்குப் பக்கத்துச் சுவரில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, "இனிமே மெதுவாத் தள்ளுங்க அண்ணாச்சி, ஒடம்புக்கு நல்லது," என்று சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சி கிட்டே போய் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். வாரத்துக்குப் பத்து தாள் அப்படி அவர் கைக்கு வரும். அவருக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை.

"அங்கயும் இதேதான் எழுதுனாங்க," என்றார்.

"இவளே, நான் வேகமாத் தள்ளவே மாட்டேன்..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"அங்கயும் இதேதான் சொன்னே."

அன்று சாயங்காலமே பிளேடு கழன்றது. கழற்றிக் கொடுத்தவர் அண்ணாச்சிதான். தங்கச்சி அதைப் பழைய துண்டில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். ஹாஸ்டலுக்கு போன் செய்து ஸ்டாண்டு முடியாது என்று சொல்லியாயிற்று. ஒரு குடோன் வாசலில் செக்யூரிட்டி வேலை, அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும், பன்னிரண்டு மணி நேர டியூட்டி. தங்கச்சியின் தம்பி மூலமாக அதுவும் முடிவானது.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி மோட்டாரை மட்டும் கழற்றி, கோணிப்பையில் கட்டிச் சுவர் மேல் வைத்தார்.

"ஒரே ஒரு தடவ ரீவைண்டிங் கடையில காட்டிரும் வே. நீரு சொன்னது தப்புன்னு சொல்லல. வேற ஒருத்தன் பாத்துச் சொன்னா மனசு ஆறும்லா."

முதல் ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டியை விட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓர் ஆளும் ஒரு ஸ்டூலும் மட்டும் பிடிக்கும், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் மோட்டாரை வாங்கி, தன் போர்டில் இணைத்து ஓடவிட்டார். சுற்றும் தண்டின் மேல் ஒரு கட்டையை வைத்து அழுத்தினார். மோட்டார் குரல் தாழ்ந்ததே தவிர நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். நிற்கவில்லை.

"ஜம்முனு கீது சார். இத எதுக்கு இட்டுனு வந்தே?"

"லோடுல நிக்குதுங்க."

"எங்க நிக்குது? பாத்தல்ல. வூட்ல எதுல ஓட்டுறே?"

"எக்ஸ்டென்ஷன்ல."

"எம்மா நீட்டு?"

"ஒரு... நாப்பது மீட்டர்."

"ஒயரு இன்னா சைஸு?"

நான் கடை வாசலைப் பார்த்தேன். ஒரு கம்பெனி பஸ் திரும்ப முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

"லைட்டு ஒயரா?" என்றார் அவர். "ஜாயிண்ட் எத்தினி? ஒயரு சூடாவுதா?"

அந்த வினாடியில் எனக்குப் பூனை ஞாபகம் வந்தது. மார்கழிக் குளிரில் அடுப்படியை விட்டுவிட்டு, அவ்வளவு இரைச்சலில், மரத்தூளில், வந்து வாளி மேல் படுத்த பூனை. எங்கே சூடு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பதினாறு வருட அனுபவம் கிடையாது.

"சொவுத்து பிளக்குல மீட்டரு வெச்சா அது ராஜா மாரி காட்டும் சார். கட்ட அறுக்கச் சொல்லோ மெஷின் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். பாதி கரண்ட்ட அந்த ஒயரே துன்னுடும். மோட்டாரு பாவம், இன்னா பண்ணும்?" மோட்டாரைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார். "கம்பெனில இன்னா வேல சார் நீ?"

"கேன்டீன்ல," என்றேன்.

தொழிற்சாலையில் மோட்டாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பேனல் இருக்கும். பேனலில் மீட்டர் வைத்தால் மோட்டாரில் வைத்த மாதிரிதான். பதினாறு வருடமாக அப்படியே வைத்துப் பழகிய கை, அன்று சுவரில் வைத்துவிட்டு நிம்மதியாக வந்துவிட்டது. இதைப் பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகு நான் செய்ததற்குத்தான் அப்படி ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

கடைத்தெருவிலேயே நல்ல தடித்த கேபிளாக, ஒரே துண்டாக வாங்கினேன். வண்டியில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பூனையில் ஆரம்பித்தால் நன்றாக இருக்கும், எல்லோரும் சிரித்துவிடுவார்கள் என்று தோன்றியது. வண்டியை நிறுத்தும்போதே இரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். தங்கச்சி முந்திக்கொண்டார்.

"இன்னாண்ணா சொன்னான்?"

"மோட்டார்ல ஒண்ணும் இல்லம்மா."

முழு உண்மை. கடைக்காரர் சொன்னதும் அதுதான். அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அப்போ இவரு மேலதான் தப்பு," என்றார் தங்கச்சி.

அண்ணாச்சி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். என் திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்: "டீ இருக்காம்மா?"

டீ வந்தது. குடித்தேன். பிஸ்கட்டும் இருந்தது. அதையும் தின்றேன். மோட்டாரை மெஷினில் பொருத்தினேன். "இந்த வாளி எனக்கு வேற வேலைக்கு வேணும், இந்தக் கேபிள வெச்சுக்கங்க," என்று ஒயரை மாற்றிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குற்றத்தை மறைக்கும் ஆள் தடயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர் ஏறிக் குதித்த காட்சி அது. பச்சை விளக்கு பேன்ட் பையில் மாட்டிக்கொண்டது.

கொட்டகையில் இப்போது நல்ல மோட்டார், நல்ல பிரஷ், நல்ல கேபிள். பிளேடு பீரோவில். யாரும் ஓட்டப்போவதில்லை. ஆகவே யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் தீர்மானமாக இருந்தேன்.

என் மனைவி நாலாம் நாள் கேட்டாள். "இந்த வாளி எதுக்கு பாத்ரூம்ல கீது?"

"செம்பரம்பாக்கம் ஏரியத் தொறந்தா தண்ணி மொண்டு ஊத்த."

"ஏரி கீழ கீது, நாம மேல கீறோம். தண்ணி இன்னா படியேறி வருமா? வாளி பூரா ஒயரு வேற." பச்சை விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். "இது அவங்க வூட்டுக்கு நீ செஞ்சு குடுத்தது தானே?"

நான் குளிக்கப் போனேன். ஏற்கெனவே குளித்திருந்தேன்.

மாதக் கடைசி சனிக்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "சார், ஐ.டி. கார்டு காட்டுங்க சார்!" என்று ஒரு குரல். அண்ணாச்சி செக்யூரிட்டி யூனிபார்மில் நின்றார். தோள் அகலமாக, கால்சட்டை குட்டையாக, தொப்பி புருவம் வரை. என்னைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிச் சுவர் மேல் வைத்தார்.

"ஒண்ணு கேக்கேன் வே. அங்க ஒருத்தரு எழுதினாரு. இங்க நீரு எழுதினீரு. ரெண்டு பேரும் வெவரம் தெரிஞ்சவங்க. ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா அது சரியாத்தான இருக்கும்?"

"அதெல்லாம் அப்படி இல்ல அண்ணாச்சி..."

"இல்ல, ராத்திரியெல்லாம் யோசிக்கேன். அன்னைக்கு பிரஸ்ல பெடல்லேந்து கால எடுத்துட்டேன்னுதான் இத்தன நாளா சொல்லிக்கிட்டிருக்கேன். எடுத்தேனா, எடுக்கலையான்னு இப்ப சந்தேகமா இருக்கு."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வருமா வராதா என்பது போல. நாலு வருடமாக அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரே விஷயம் அது. விரல் போனபோதுகூட அதை அவர் விடவில்லை. அது நழுவ என் ஒரு டிக் போதுமாயிருந்தது. அதற்கு ஒரு ஜோக் அடிக்கலாம் என்று பார்த்தேன். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாளியைத் தூக்கிக்கொண்டு, இந்த முறை சுவர் ஏறாமல் தெரு வழியாகச் சுற்றி வாசல் கேட்டைத் திறந்து போனேன். தங்கச்சி துணி துவைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி யூனிபார்மின் கால்சட்டை மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பிளேட ஒரு தடவ குடும்மா," என்றேன்.

"எதுக்குண்ணா?"

"தப்பு யாரு மேலன்னு காட்டத்தான். பாத்துட்டு மறுபடி பூட்டிக்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்தார்.

பிளேடை மாட்டினோம். பழைய எக்ஸ்டென்ஷனையே செருகினேன். மீட்டரை இந்த முறை மெஷின் பக்கத்தில், பெட்டியில் வைத்தேன். "தங்கச்சி, நீ இந்த நம்பர மட்டும் பாரு. அண்ணாச்சி, நீங்க எப்பவும் போல அறுங்க."

அப்போதுதான் அண்ணாச்சி மரம் அறுப்பதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஆமாம், முதல் தடவை. 'வேகமாகத் தள்ளுகிறார்' என்று எழுதியவன் அவர் தள்ளுவதைப் பார்த்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நெஞ்சைக் கொடுத்துத் தள்ளியவன் நான்தான். அவர் கட்டையை வைத்து, பிளேடு முழு வேகம் பிடிக்கும்வரை காத்திருந்து, இடது கையைப் பிளேடுக்கு எட்டாத தூரத்தில் பக்கவாட்டில் அணைத்து, வலது கையில் தானே செய்த ஒரு தள்ளு குச்சியால், குழந்தையைத் தூங்க வைப்பவர் மாதிரி நகர்த்தினார். பிளேடு தளர்ந்தால் அவரும் நின்றார். அது மூச்சு வாங்கிய பின் மறுபடி நகர்த்தினார்.

"இருநூத்திப் பத்து," என்றார் தங்கச்சி. "நூத்தித் தொண்ணூறு. நூத்தி எழுவத்தஞ்சு..." மோட்டார் முக்கியது. பட்டன் விழுந்தது. வாளியிலிருந்து ரப்பர் வாடை வந்தது. தங்கச்சி குனிந்து ஒயர் சுருளைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார்.

மோட்டார் ஆறப் பத்து நிமிடம் விட்டோம். பிறகு புதுக் கேபிளைச் செருகினேன். அதே கட்டை, அதே கை. "இருநூத்தி இருவது. இருவது. பத்தொம்போது. இருவது." கட்டை இரண்டாகப் பிரிந்து மேஜைக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"ஒயருதான்," என்றேன். "நான் குடுத்த ஒயரு. மோட்டார் மேல தப்பில்ல, அண்ணாச்சி மேலயும் தப்பில்ல. என் மேல."

தங்கச்சி மீட்டரைக் கீழே வைத்தார். "கடையிலேந்து வந்தியே, அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினுதான் டீ கேட்டியா?"

"ஆமாம்மா."

சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தங்கச்சி கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. பீரோ சாவியை அண்ணாச்சியின் பக்கத்தில், மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுத் துவைக்கும் கல்லுக்குப் போனார். துணி கல்லில் விழும் சத்தம் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. ஒவ்வொரு அடியும் யாருக்கு என்று எனக்குப் புரிந்தது.

அண்ணாச்சி அடுத்த கட்டையை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டார். என் பக்கம் திரும்பவில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன். நிறையப் பேசினேன். நாளைக்கே குடோனுக்குப் போன் போட்டு வேலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். ஹாஸ்டல் வார்டனிடம் நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். பிரஸ்ஸில் அன்று பெடலிலிருந்து காலை எடுத்தீர்கள், நிச்சயமாக எடுத்தீர்கள், இப்படி அறுக்கிற ஆள் எடுக்காமல் இருக்கமாட்டார் என்றேன். அப்போது அவர் பென்சில் ஒரு கணம் நின்றது, பிறகு கோட்டை முடித்தது. என் வாய் தன் பழைய வேலைக்குப் போனது. பூனையை எங்கள் கம்பெனி மெயின்டனன்ஸில் சேர்த்துவிடலாம், என்னைவிட நல்ல டெக்னீஷியன் என்றேன். ரீவைண்டிங் கடைக்காரரிடம் கேன்டீன் என்று சொன்னதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே இரும்பு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, பிளேடுக்கு ஒரு சாண் தூரத்தில், அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

அவர் தள்ளு குச்சியை எடுத்துக்கொண்டு, கட்டையைச் சரி பார்த்து, சுவிட்சில் கட்டை விரலை வைத்தார்.

"கைய எடும், மெசினப் போடணும்."